ஹப் மோட்டாரை வேறு அளவு சைக்கிள் சக்கரத்தில் ஏற்றுவது எப்படி?

26 அங்குல ரிம்மில் பூட்டிய ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுக் குடத்திலேயே இருக்கும் மின் மோட்டார்) ஒன்று கையில் இருக்கிறது. ஏற்ற வேண்டிய சைக்கிளோ பெரிய சக்கரம் போட்ட பழைய ரோட்ஸ்டர், அல்லது 29 அங்குல சைக்கிள், அல்லது 20 அங்குல மடக்கு சைக்கிள். மோட்டாரை அப்படியே வைத்துக்கொண்டு ரிம்மையும் போக்ஸ் கம்பிகளையும் மட்டும் மாற்றினால் போதும். வேலை பெரிதல்ல. ஆனால் அளவெடுக்காமல் பொருள் வாங்கினால் பணமும் போகும், சேலத்துக்கும் பெங்களூருக்கும் இரண்டு முறை பஸ் ஏறவும் வேண்டிவரும். அந்த வீண் செலவைத் தவிர்க்கத்தான் இந்தக் கட்டுரை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கிடைக்கும் சைக்கிள்களையும் இங்குள்ள மேடுகளையும் மனதில் வைத்து எழுதியது. 36 வோல்ட், 250 வாட், கியர் உள்ள ஹப் மோட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் முடிவு செய்ய வேண்டியது: முன் சக்கரமா, பின் சக்கரமா?

பழைய ரோட்ஸ்டரின் பின்பக்கத்தில் சக்கரம் உட்காரும் இடைவெளி குறுகல். பின் ஹப் மோட்டாருக்குப் பெரும்பாலும் 135 மி.மீ. வேண்டும். சட்டத்தை அவ்வளவு விரித்தால் செயின் நேர்கோட்டில் ஓடாது, வெல்டு விடவும் வாய்ப்புண்டு. ரோட்ஸ்டர் என்றால் முன் மோட்டார்தான்.

முன் மோட்டாருக்கு 100 மி.மீ. இடைவெளி வேண்டும். பழைய இரும்பு போர்க்கில் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) இது சில மில்லிமீட்டர் குறைவாக இருக்கலாம். இரும்பு என்பதால் கையால் இழுத்து விரித்துவிடலாம். அலுமினிய போர்க், சஸ்பென்ஷன் போர்க் இரண்டிலும் முன் மோட்டார் ஏற்றவே ஏற்றாதீர்கள். அச்சு திரும்பும் விசையில், அது உட்காரும் அலுமினிய வாய் உடைந்தால் சக்கரம் ஓட்டத்திலேயே கழன்றுவிடும்.

கியர் சைக்கிள், மலை சைக்கிள் என்றால் பின் மோட்டார் பொருந்தும். இடைவெளி 135 இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

2. சக்கர அளவு: அங்குலத்தை நம்பாதீர்கள், மில்லிமீட்டரைப் படியுங்கள்

இந்த வேலையில் பணம் வீணாகும் இடம் பெரும்பாலும் இதுதான். கொஞ்சம் நின்று படியுங்கள்.

நம்ம ஊரில் "24 சைக்கிள்", "22 சைக்கிள்" என்று சொல்வது சட்டத்தின் உயரத்தை. அதில் ஓடும் சக்கரம் 28 அங்குலமாக இருக்கும். கடையில் போய் "24 சைக்கிளுக்கு ரிம்" என்று கேட்டால் பையன்கள் ஓட்டும் 24 அங்குல சக்கரத்தின் ரிம்மை எடுத்து நீட்டக்கூடும்.

அடுத்த சிக்கல், ஒரே அங்குலப் பெயரில் வேறு வேறு ரிம் இருப்பது. "26" என்று எழுதிய மலை சைக்கிள் டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 559 மி.மீ. "26 × 1 3/8" என்ற டயருக்கு 590 மி.மீ. "26 × 1 1/2" என்றால் 584 மி.மீ. மூன்றும் 26தான், ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. 28 அங்குலத்திலும் இதே கதை. ரோட்ஸ்டரின் "28 × 1 1/2" டயருக்கு 635 மி.மீ., "700சி" டயருக்கு 622 மி.மீ. 29 அங்குலம் என்று விற்பதும் அதே 622 தான். 27.5 அங்குலம் 584. மடக்கு சைக்கிளின் 20 அங்குலம் பெரும்பாலும் 406.

டயரின் பக்கவாட்டில் "40-635", "50-559" என்று இரண்டு எண் அச்சிட்டிருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம். அந்த இரண்டாவது எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிளானாலும் இதே முறைதான். டயரைத் துடைத்து எண்ணைப் படியுங்கள், யார் சொல்வதையும் கேட்டு வாங்காதீர்கள்.

3. துளைகளை எண்ணுங்கள்

ஹப் மோட்டார்களில் பெரும்பாலும் 36 துளை, பக்கத்துக்கு 18. பழைய ரோட்ஸ்டரில் முன் ரிம்மில் 32 துளை, பின் ரிம்மில் 40 துளை. ஆக வீட்டில் இருக்கும் ரிம் எதுவுமே மோட்டாருக்கு உதவாது.

32 துளை ரிம்மில் மோட்டாரின் நான்கு துளைகளை விட்டுவிட்டுக் கோர்த்துக் கொடுப்பவர்களும் உண்டு. ஒப்புக்கொள்ளாதீர்கள். கம்பிகளின் இழுவை ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறைந்து, முதலில் கோட்டம் விழும், பிறகு கம்பி அறும்.

635 ரிம்மில் 36 துளை தேடி அலைவதைவிட, 622 அளவில் 36 துளை இரட்டைச் சுவர் அலுமினிய ரிம் வாங்குவது நல்லது. 700 × 38 அல்லது 700 × 40 டயர் போட்டால் ரோட்ஸ்டர் போர்க்கில் தாராளமாக உட்காரும், உயரமும் ஏறக்குறைய பழையபடியே இருக்கும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. ராடு பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் உள்முகத்தைத் தொட்டுப் பிடிப்பவை. புது ரிம்மில் அந்த முகமே இருக்காது. முன் ராடு பிரேக்கைக் கழற்றிவிட்டு, நீளமான கை உள்ள கேலிப்பர் பிரேக் ஒன்றை போர்க்கில் மாட்ட வேண்டும். பின்பக்க ராடு பிரேக் அப்படியே இருக்கட்டும்.

வி-பிரேக் உள்ள மலை சைக்கிளில் வேறு அளவு ரிம் போட நினைத்தால், கட்டை ரிம்மைத் தொடுகிறதா என்று முதலில் பாருங்கள். 559க்குப் பதில் 622 போட்டால் ரிம்மின் ஓரம் 31 மி.மீ. மேலே போய்விடும், வி-பிரேக் எட்டவே எட்டாது. டிஸ்க் பிரேக் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

4. உங்கள் மோட்டாருக்கு அந்தச் சக்கரம் ஒத்துவருமா?

சக்கரம் பெரிதானால் வேகம் கூடும், இழுவை குறையும். சிறிதானால் மறுதலை. கணக்கைப் பாருங்கள்.

நிமிடத்துக்கு 200 சுற்று ஓடும் மோட்டார் 26 × 2.0 டயரில் (சுற்றளவு சுமார் 2.05 மீட்டர்) மணிக்கு 24.6 கி.மீ. போகும். அதே மோட்டார் 700 × 40 டயரில் (2.2 மீட்டர்) 26.4 கி.மீ., 20 அங்குலத்தில் (1.57 மீட்டர்) 18.8 கி.மீ.

இழுவையில்: 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு தரும் மோட்டார் 26 அங்குலத்தில் சுமார் 9.4 கிலோ விசையால் தள்ளும். 700சியில் 8.7 கிலோ, 20 அங்குலத்தில் 12 கிலோவுக்கு மேல். ஆள், சைக்கிள், பேட்டரி எல்லாம் சேர்த்து 100 கிலோ என்றால், 100 அடிக்கு 8 அடி ஏறும் மேட்டில் 8 கிலோ இழுவை மேட்டுக்கே போய்விடும், டயரின் உரசலுக்கு இன்னும் 1 கிலோ. ஆக 26 அங்குலத்தில் மோட்டார் மட்டும் மூச்சு வாங்கி ஏறிவிடும். 700சியில் பெடல் போட்டே ஆகவேண்டும்.

தருமபுரி டவுனுக்குள்ளும் காவேரிப்பட்டணம் பக்கத்துச் சமவெளியிலும் ஓட்ட 700சி நன்றாகவே இருக்கும். பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறக்கம், தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் மலைப்பாதை, தொப்பூர் கணவாய் இவற்றில் ஏற நினைத்தால் பெரிய சக்கரத்தில் வேகச் சுற்று (நிமிடத்துக்கு அதிகச் சுற்று ஓடும்) மோட்டாரை ஏற்றாதீர்கள். மேட்டில் மோட்டார் மெதுவாகச் சுற்றும்போது மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாக மாறும். உள்ளே இருக்கும் நைலான் பல்சக்கரங்கள் இளகிப் பல் போய்விடும். கேரியரில் பால் கேனோ தக்காளிக் கிரேட்டோ ஏற்றுபவர்கள் குறைந்த சுற்று மோட்டாரையே தேடுங்கள். 20 அங்குலத்துக்கென்று சுற்றிய வேகச் சுற்று மோட்டார் மலிவாகக் கிடைக்கிறதே என்று 28இல் ஏற்றுவது இந்த மாவட்டங்களின் சாலைக்கு ஆகாது.

இறக்கத்திலும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கியர் ஹப் மோட்டாரின் உள்ளே ஒருவழி கிளட்ச் இருப்பதால் அது வண்டியைப் பிடித்து நிறுத்தாது. இறக்கம் முழுவதும் பிரேக் கட்டையின் பொறுப்பு.

5. காகிதங்கள்

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் விதி 2(யு)படி, 30 நிமிட மின்திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்து, விதி 126இல் சொன்ன சோதனை நிறுவனம் ஒன்று அதைச் சரிபார்த்து ஒப்புக்கொண்டிருந்தால், அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. பதிவெண், லைசென்ஸ், இன்சூரன்ஸ் தேவையில்லை. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான் கட்டாயம்.

எனவே வாங்கும்போது மூன்று காகிதம் கேளுங்கள்: மோட்டாரின் வாட், வோல்ட், வரிசை எண் எழுதிய பில், சோதனைச் சான்றின் நகல், பேட்டரிக்குத் தனி வாரண்டி அட்டை. மோட்டாரின் மூடியைத் திறந்தால் வாரண்டி போய்விடும். கம்பி மாற்றினால் போகுமா என்பதை விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரிய சக்கரம் போட்டதும் வேகம் 25ஐத் தாண்டக்கூடும் என்று மேலே பார்த்தோம். அதைக் கட்டுப்படுத்துவது 11ஆம் படியில் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள்.

6. செலவும் நாளும்

மோட்டார், பேட்டரி நீங்கலாக ஒதுக்க வேண்டியது: 36 துளை இரட்டைச் சுவர் ரிம்முக்கு 800 முதல் 1,500 ரூபாய், நிப்பிளோடு (கம்பி முனையில் திருகும் சிறு நட்டு) 40 கம்பிக்கு 500 முதல் 800, டயர் டியூப்புக்கு 600 முதல் 1,000, டார்க் ஆர்முக்கு (மோட்டார் அச்சு திரும்பாமல் பிடிக்கும் இரும்புக் கை) 300 முதல் 500, கோர்த்துக் கோட்டம் எடுக்கும் கூலி 400 முதல் 600. ஆக மொத்தம் 2,600 முதல் 4,400 ரூபாய். தேவையான அளவிலேயே கோர்த்த சக்கரமாக மோட்டார் கிடைத்து, விலை வித்தியாசம் இதைவிடக் குறைவாக இருந்தால் அதையே வாங்குங்கள். இந்த வேலையே மிச்சம்.

அளவெடுக்க அரை நாள். கம்பி சொன்ன நீளத்தில் வந்து சேர ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை கோர்ப்பவருக்கு 2 மணி நேரம், கோட்டம் எடுக்க இன்னொரு 3 மணி நேரம். வெளியூரிலிருந்து வரும் லித்தியம் பேட்டரி பெரும்பாலும் சாலை வழியாகத்தான் வரும், அதற்கும் நாள் விடுங்கள்.

7. கம்பி நீளக் கணக்கு

கடையில் போக்ஸ் கம்பி என்று கேட்டால் சாதாரண ஹப்புக்கு வரும் நீளத்தைத்தான் கொடுப்பார்கள். 28க்கு 300 மி.மீ. சுமார், 26க்கு 265 சுமார். ஹப் மோட்டாரின் வயிறு பெரிது, கம்பி அதைவிட ரொம்பக் குட்டை. பழைய 26 சக்கரத்திலிருந்து கழற்றிய கம்பி 28க்கு எட்டாது. நீளத்தைக் கணக்குப் போட்டே வாங்க வேண்டும். நான்கு அளவு தேவை.

*ரிம்மின் உள் விட்டம்.* டயர் அளவான 622ஐ இதற்குப் பயன்படுத்தக் கூடாது. கம்பியின் முனை எங்கே முடிகிறதோ அந்த விட்டம் வேண்டும். சைக்கிள் கடையில் இரண்டு பழைய கம்பி கேட்டு வாங்கி, தலையை வெட்டி, இரண்டையும் மிகச் சரியாக 280 மி.மீ. ஆக்குங்கள். நிப்பிளைத் திருகி, கம்பி முனை நிப்பிளின் வெட்டுக்கு அடிமட்டமாக வரும்வரை ஏற்றுங்கள். ரிம்மில் ஒன்றுக்கொன்று நேர் எதிரான துளைகளில் (ஒன்றிலிருந்து 18 எண்ணினால் எதிர்த் துளை) இரண்டையும் விட்டு, நடுவை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். வெட்டிய முனைகளுக்கு இடையே 40 மி.மீ. இருந்தால் 280 + 280 + 40 = 600. மூன்று இடத்தில் எடுத்துச் சராசரி பாருங்கள், எந்த ரிம்மும் முழு வட்டமாக இருக்காது.

*மோட்டாரின் துளை வட்டம்.* ஒரு துளையின் உள்விளிம்பிலிருந்து எதிர்த் துளையின் உள்விளிம்புவரை வெர்னியரில் அளந்து, ஒரு துளையின் விட்டத்தைக் கூட்டுங்கள்.

*நடுவிலிருந்து விளிம்புத் தகட்டின் தூரம்.* தகடு என்பது மோட்டாரில் கம்பி கோர்க்கும் துளைகள் உள்ள பகுதி. அச்சில் போர்க் உட்காரும் இரு தோள்களுக்கு இடையே அளந்து பாதியாக்குங்கள். அதிலிருந்து, தோளுக்கும் தகட்டுக்கும் உள்ள தூரத்தைக் கழியுங்கள். இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாக.

*தகட்டின் துளை விட்டம்.* பெரும்பாலும் 3 மி.மீ.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். ரிம் விட்டம் 600, துளை வட்டம் 140, தகட்டின் தூரம் 25, துளை 3, ஒரு குறுக்கு (சிங்கிள் கிராஸ், அதாவது ஒவ்வொரு கம்பியும் எதிர்ச்சாய்வுக் கம்பி ஒன்றை மட்டும் கடப்பது). விட்டங்களைப் பாதியாக்குங்கள்: 300, 70.

300 × 300 = 90,000
70 × 70 = 4,900
25 × 25 = 625
மூன்றையும் கூட்டினால் 95,525.

36 துளையில் ஒரு குறுக்கு என்றால் கோணம் 20 டிகிரி, அதன் கொசைன் 0.9397. 2 × 300 × 70 × 0.9397 = 39,467. இதை 95,525இலிருந்து கழித்தால் 56,058. வர்க்கமூலம் 236.8. துளையில் பாதி 1.5ஐக் கழித்தால் 235.3 மி.மீ. கடையில் 235 கேளுங்கள், இல்லையென்றால் 234. மேலே போகாதீர்கள். நீளம் கூடினால் முனை நிப்பிளைத் தாண்டி வந்து டியூப்பைக் குத்தும்.

இதே மோட்டார் 540 விட்டமுள்ள 26 அங்குல ரிம்மில் இருந்தால் 205.6 வரும். வித்தியாசம் சுமார் 30 மி.மீ., அதாவது ரிம் விட்ட வித்தியாசத்தில் பாதி. கணக்கு சரியா என்று சரிபார்க்க இந்தப் பாதிக் கணக்கு போதும். கழற்றிய பழைய கம்பியை அளந்து, பாதி வித்தியாசத்தைக் கூட்டிப் பாருங்கள். 2 மி.மீ.க்கு மேல் தப்பினால் எங்கோ அளவு பிசகியிருக்கிறது.

பின் மோட்டாரில் இடது தூரம் 30, வலது 20 என்று வந்தாலும் நீளம் 1 மி.மீ.தான் மாறும். அதற்காகப் பயப்பட வேண்டாம், இரண்டு பக்கத்துக்கும் தனி நீளம் வாங்கினால் நல்லது, கிடைக்காவிட்டால் குட்டையானதையே இரண்டுக்கும் வாங்கலாம்.

20 அங்குல ரிம்மானால் ஒரு குறுக்கைத் தாண்டாதீர்கள். இரண்டு குறுக்கு போட்டால் கம்பி ரிம்மில் 17 டிகிரி சாய்ந்து நுழையும், நிப்பிள் அருகே மடங்கி அங்கேயே அறும். பெரிய ரிம்மில் அதே இரண்டு குறுக்கு 10 டிகிரிதான், தாங்கும்.

8. கம்பியின் கனம்

மோட்டார் கனம் என்பதால் கம்பியும் கனமாக வேண்டும் என்று 12 கேஜ் கேட்பது வழக்கம். 13 கேஜ் (2.3 மி.மீ.) போதும். 12 கேஜின் நிப்பிள் சாதாரண ரிம் துளையில் நுழையாது, துளையைப் பெரிதாக்கினால் ரிம் பலவீனமாகும். கனமான கம்பி வளைந்தும் கொடுக்காது, ரிம் துளை சாய்வாக இல்லையென்றால் கழுத்தில் அறும். 14 கேஜ் (2 மி.மீ.) மட்டும்தான் கிடைக்கிறது என்றால், 3 மி.மீ. துளையில் தலை ஆடாதபடி ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு பித்தளை வாஷர் போடுங்கள். 36 வாஷர் ஆகும்.

நீளமான கம்பியை வெட்டி மரை போட்டுத் தருகிறோம் என்றால், அழுத்தி உருட்டும் மெஷினா, வெட்டும் டையா என்று கேளுங்கள். லேத் பட்டறையில் டை வைத்து வெட்டிய மரை அந்த இடத்திலேயே அறும். உருட்டிய மரை உறுதி.

36க்கு 40 வாங்குங்கள். மிச்சம் நாலும் பிற்பாடு கண்டிப்பாகத் தேவைப்படும், அந்த நீளம் உள்ளூரில் கிடைக்காது.

9. கழற்றுதலும் கோர்த்தலும்

கழற்றும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். அச்சிலிருந்து வெளியே வரும் ஒயர்தான் மோட்டாரின் உயிர், தரையில் வைக்கும்போது முதலில் நசுங்குவதும் அதுதான். 16 மி.மீ. சொட்டுநீர்க் குழாயில் ஒரு சாண் வெட்டி, ஒயரை உள்ளே விட்டு அச்சின் மேல் செருகிவிடுங்கள். தோட்டத்தில் கிடக்கும் துண்டே போதும்.

நிப்பிள்களை ஒரு பக்கமாக முழுசாகக் கழற்றாதீர்கள். வால்வு துளையில் தொடங்கி எல்லாவற்றையும் அரைச் சுற்று, மறுபடி அரைச் சுற்று என்று தளர்த்துங்கள். இல்லாவிட்டால் பழைய ரிம் எட்டாக வளைந்து, விற்கக்கூட ஆகாது.

கோர்க்கும்போது: வலது தகட்டில் ஒன்று விட்டு ஒரு துளையாக 9 கம்பி. முதல் கம்பியை வால்வு துளைக்கு அடுத்த, வலது பக்கம் சாய்ந்த ரிம் துளையில் விட்டு, அங்கிருந்து மூன்று துளை விட்டு நான்காவதில் அடுத்தது. 9ம் ஏறிய பிறகு இடது தகட்டில் அதேபோல் 9. இடது துளைகள் வலது துளைகளுக்கு நேரே இருக்காது, அரைத் துளை தள்ளியிருக்கும். வலது முதல் கம்பிக்குப் பக்கத்துத் துளையிலேயே தொடங்குங்கள். பிறகு மோட்டாரைக் கொஞ்சம் திருப்பி, மிச்ச 18ஐயும் எதிர்ச்சாய்வில், ஒவ்வொன்றும் பக்கத்துக் கம்பியை ஒரு முறை மட்டும் கடக்குமாறு கோருங்கள். வால்வுக்கு இரு புறமும் உள்ள கம்பிகள் ஒன்றுக்கொன்று விலகி நிற்க வேண்டும். நெருங்கி வந்தால் பம்பு மாட்ட இடமிருக்காது, ஒரு துளை தப்பிவிட்டது என்று அர்த்தம்.

மரைக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். எல்லா நிப்பிளையும் மரை மறையும் இடம்வரை ஒரே அளவில் ஏற்றிவிட்டு, பிறகு வால்விலிருந்து தொடங்கி அரைச் சுற்று வீதம் இறுக்குங்கள்.

10. கோட்டம் எடுத்து, நடுவில் நிறுத்தி, பூட்டுதல்

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி சக்கரத்தைப் போர்க்கில் மாட்டி (வாய் சிறிதென்றால் கீழே சொல்வதுபோல் முதலில் ராவிக்கொள்ளுங்கள்), போர்க் காலில் கேபிள் டை ஒன்றைக் கட்டி அதன் நுனி ரிம்மைத் தொடும்படி விடுங்கள். ரிம் இடது நுனியில் உரசினால் அந்த இடத்தில் வலது கம்பியைக் கால் சுற்று இறுக்கி, இடதைக் கால் சுற்று தளர்த்துங்கள். மேலும் கீழுமாகக் குதித்தால், குதிக்கும் இடத்து இரு பக்கக் கம்பியையும் இறுக்குங்கள். பக்கவாட்டிலும் உயரத்திலும் 1 மி.மீ.க்குள் வந்தால் நல்ல சக்கரம். நடுவில் ஒருமுறை, இணையாகப் போகும் இரண்டிரண்டு கம்பியைக் கையால் சேர்த்து அழுத்துங்கள். டிக் டிக் என்று சத்தம் வரும், முறுக்கிக் கொண்டிருந்த கம்பிகள் நேராகின்றன. மறுபடி கோட்டம் பாருங்கள். விரலால் சுண்டினால் ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே ஒலி தர வேண்டும்.

ரிம் நிற்க வேண்டியது அச்சின் தோள்களுக்கு நடுவில். இரண்டு தகட்டுக்கும் நடுவில் என்று நினைத்து நிறுத்துபவர்கள் உண்டு, பின் மோட்டாரில் அது தப்பாகிவிடும். ஒரே உயரமுள்ள மூன்று கட்டைகளின் மேல் ரிம்மைப் படுக்க வைத்து, அச்சின் தோள் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, புரட்டிப் போட்டு மறுபடி அளங்கள். இரண்டும் சமமானால் நடு. கட்டைகள் உயரமாக இருக்கட்டும், ஒயர் தரையில் முட்டக் கூடாது.

பூட்டும்போது பழைய ரோட்ஸ்டர் போர்க்கின் வாய் 8 மி.மீ. சுமார்தான் இருக்கும், மோட்டார் அச்சின் தட்டைப் பக்கம் 10 மி.மீ. அரத்தால் இரு பக்கமும் சமமாக ராவுங்கள். அச்சு இறுக்கமாகத் தள்ளி ஏற வேண்டும், ஆடக் கூடாது. டார்க் ஆர்ம் ஒரு பக்கமாவது கட்டாயம். ரோட்ஸ்டரில் மட்கார்டு கம்பி அச்சிலேயே மாட்டியிருக்கும், அதை அங்கே விட்டால் நட்டு போர்க்கைப் பிடிக்காமல் அந்த மெல்லிய கம்பியைப் பிடிக்கும். கிளாம்ப் போட்டு மட்கார்டைப் போர்க் காலில் தனியாகக் கட்டுங்கள். நட்டை 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கலாம், ஒரு முழக் கைப்பிடி ஸ்பேனரில் நன்றாக அழுத்தி இழுக்கும் அளவு. ஒயர் கீழ்நோக்கித் தொங்கி, பிறகு மேலே ஏறட்டும். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், மோட்டாருக்குள் போகாது.

முன் மோட்டாரைத் திருப்பி மாட்டினால் சக்கரம் பின்னோக்கிச் சுற்றும். மேலே அம்புக்குறி இருக்கும், பாருங்கள்.

11. கண்ட்ரோலரில் சக்கர அளவை மாற்றுதல்

கண்ட்ரோலர் என்பது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி, அதன் அளவுகளை டிஸ்ப்ளேயில் மாற்றலாம். டிஸ்ப்ளேயில் 26 என்றே விட்டுவிட்டு 700சியில் ஓட்டினால், அது 25 காட்டும்போது வண்டி 26.8இல் போகும். சட்ட வரம்பைத் தாண்டியாயிற்று. 20 அங்குலத்தில் இதற்கு நேர்மாறு, 19 போகும்போதே 25 என்று மோட்டாரை நிறுத்திவிடும். எஸ்866 ரக டிஸ்ப்ளேயில் சக்கர அளவு பி06, வேக வரம்பு பி08. இரண்டையும் சரி செய்யுங்கள். பி03இல் வோல்ட் 36 இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். டிஸ்ப்ளே இல்லாத கிட் என்றால், வேக வரம்பு ஒயர் என்று கண்ட்ரோலரில் ஒரு ஜோடி இருக்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள்.

பிரேக் பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச், பெரும்பாலும் மோட்டார் கிட்டோடு வரும் பிரேக் கைப்பிடியில் இருக்கும், புது கேலிப்பர் பிரேக்கை அதில் இணைக்கலாம். ராடு பிரேக்குக்கு அந்தக் கைப்பிடி சேராது. காந்த சென்சாரைத் தனியாக வாங்கி ராடின் அசையும் பகுதியில் ஒட்டுங்கள்.

12. முதல் 200 கி.மீ.

ஓட்டும் முன் ரிம் டேப்பின் கீழே விரலை ஓட்டுங்கள், கம்பி முனை எங்காவது நீட்டிக்கொண்டிருந்தால் அரத்தால் ராவிவிடுங்கள். முதல் 10 கி.மீ.க்குப் பிறகு அச்சு நட்டை மறுபடி இறுக்குங்கள். 50 கி.மீ.யில் கோட்டம் பாருங்கள், கம்பி ஒவ்வொன்றையும் சுண்டுங்கள், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். 200இல் இன்னொரு முறை. இந்த இரண்டு முறை பார்த்துவிட்டால் பிறகு பல மாதம் தொட வேண்டியிருக்காது. பார்க்காமல் விட்டால் தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து வளைந்து கழுத்தில் அறும். ஒன்று அறுந்தால் பக்கத்தில் உள்ளவற்றின் மேல் பாரம் ஏறி அவையும் தொடரும்.

பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்ற வேண்டாம். சைக்கிளைச் சாய்த்து, ஒரு பக்க டயரை மட்டும் விலக்கி டியூப்பை வெளியே இழுத்து ஒட்டுங்கள். டயர் மாற்றும்போது மட்டும் கழற்றினால் போதும். அதற்கு அச்சு நட்டுக்குரிய 18 மி.மீ. ஸ்பேனர் கூடவே இருக்கட்டும், சாலையோரப் பஞ்சர் கடையில் அந்த அளவு இல்லாமல் போகலாம். மோட்டார் ஒயரின் கனெக்டரை முதலில் பிரித்துவிட்டுத்தான் நட்டில் கை வைக்க வேண்டும்.